சுவரோரம் காது வைத்த ராமன்

மணி அடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்க. இல்லையென்றால் சாப்பாட்டு இடைவேளையில் வாங்க. தாள் ஒரு வாரம் இங்கேதான் இருக்கும்.

சர் சி.வி.ராமன் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம், ராமன் விளைவு, நோபல் பரிசு, அந்தத் தலைப்பாகை. ஒவ்வொரு வருஷமும் பேச்சுப் போட்டியில் இதே ஐந்தும்தான் வரிசையாக வரும். கடல் ஏன் நீலமாக இருக்கிறது என்று எல்லாரும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு இறங்குவோம். கடல் நமக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கைதட்டலும் கிடைக்கும்.

ஆனால் அதே ராமன், ஒளியின் பக்கம் முழுசாகத் திரும்புவதற்கு முன்னாடி, ஏறக்குறைய பதினைந்து வருஷம் சத்தத்துக்குப் பின்னால் அலைந்தவர். வயலின், வீணை, தம்புரா, மிருதங்கம் என்று ஆரம்பித்து, கடைசியில் பெரிய பெரிய கட்டடங்களின் சுவரில் காது வைத்துக் கேட்கிற அளவுக்குப் போனார். அந்த ராமனைப் பற்றி நம்ம பேச்சுப் போட்டியில் யாரும் சொல்வதில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

ராமன் 1888 நவம்பர் 7-ஆம் தேதி திருச்சி பக்கத்தில் திருவானைக்காவலில் பிறந்தார். அப்பா சந்திரசேகர ஐயர், அம்மா பார்வதி அம்மாள். அப்பாவுக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர் வேலை கிடைத்ததால், 1892-ல் குடும்பம் அங்கே போனது. அப்பா கணக்கும் இயற்பியலும் சொல்லித் தருபவர். வீட்டுக்கு வந்தால் வயலின் வாசிப்பார். ஒரே வீட்டில் இயற்பியலும் வயலினும்! பையன் எதைப் பிடித்துக்கொண்டு வளர்வான் என்று நாம் ஊகிக்கவே வேண்டாம், இரண்டையும் பிடித்துக்கொண்டான்.

பதினொரு வயதில் மெட்ரிகுலேஷன் முடித்தார். (நமக்குப் பதினொரு வயதில் ஆறாம் வகுப்பு.) 1903-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 1904-ல் பி.ஏ.-வில் முதலிடமும் தங்கப் பதக்கமும் வாங்கினார். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, சத்தத்தையும் காதையும் பற்றி எழுதிய பெரிய புத்தகம் ஒன்று உண்டு. தன்னை உருவாக்கிய புத்தகங்களில் ஒன்றாக ராமன் பிற்காலத்தில் அதைக் குறிப்பிட்டார்.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகச் சொன்னார்கள். பரிசோதித்த மருத்துவர் இந்த உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். இந்தியாவில் அப்போது விஞ்ஞானத்துக்கென்று வேலைகள் மிகவும் குறைவு. அதனால் நிதித்துறைத் தேர்வு எழுதி, அதிலும் முதலிடம் வாங்கி, 1907-ல் கல்கத்தாவில் உதவித் தலைமைக் கணக்கர் ஆனார். அதே வருஷம் லோகசுந்தரி அம்மாளுடன் கல்யாணம். அந்த அம்மாவுக்கு வீணை தெரியும். பாருங்க, வீட்டில் மறுபடியும் ஒரு வாத்தியம்.

கல்கத்தாவில் டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம். மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876-ல் ஆரம்பித்தது. கட்டடமும் கருவிகளும் இருந்தன, ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. ராமன் உள்ளே போனார். அன்றிலிருந்து அவருடைய நாள் இப்படி: விடியற்காலை ஐந்தரைக்குக் கழகம், பத்து மணிக்குள் வீட்டுக்கு வந்து அவசரமாகக் குளித்துச் சாப்பிட்டு ஆபீஸ், மாலை ஐந்து மணிக்கு ஆபீஸிலிருந்து நேராகக் கழகம், இரவு ஒன்பதரை பத்துக்கு வீடு. நம்மில் டியூஷன் போகிறவர்களுக்கு இந்த அட்டவணை புதுசாகத் தெரியாது. ஒரே வித்தியாசம், அவரை யாரும் போகச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் அவர் செய்தது பெரும்பாலும் வாத்தியங்கள். வயலின் தந்தி வில் பட்டதும் எப்படி அசைகிறது என்று பார்க்க, மனிதக் கைக்குப் பதிலாக ஒரு இயந்திரமே வில்லை இழுக்கிற மாதிரி ஒரு கருவி செய்தார். கை ஒரே சீராக இழுக்காது, இயந்திரம் இழுக்கும், அதனால்! 1918-ல் வயலின் தந்தியின் அசைவைப் பற்றி ஒரு பெரிய கட்டுரை வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது மிருதங்க ஆராய்ச்சி. சாதாரணத் தோல் வாத்தியத்தைத் தட்டினால் வருகிற மேற்சுரங்கள் ஒன்றோடொன்று சேராது. அதனால் டமடம என்ற சத்தம்தான் வரும், சுருதி வராது. ஆனால் மிருதங்கத்தின் வலது பக்கத்தில் நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, அது தோலின் நடுப்பகுதிக்குச் சரியான கனத்தைக் கொடுக்கிறது. அதனால் தோல் அதிர்கிற முதல் ஒன்பது விதங்களும் ஐந்து சுரங்களில் வந்து அடங்கிவிடுகின்றன. ஐந்தும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து மடங்கு என்று ஒழுங்காக இருக்கின்றன. 1920-ல் சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து இதை நேச்சர் பத்திரிகையில் எழுதினார். பிறகு தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, மணல் எங்கே சேர்கிறது என்று படம் எடுத்தும் காட்டினார். கணக்குத் தெரியாத கைவினைஞர்கள் பல தலைமுறையாகக் காதால் கேட்டுக் கேட்டே கண்டுபிடித்த கறுப்பு வட்டம் அது.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவிக்குக் கூப்பிட்டது. அரசாங்கச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிதான் அங்கே. ராமன் போய்விட்டார்.

இப்போது சுவருக்கு வருகிறேன்.

1921-ல், 32 வயதில், முதல் தடவையாகக் கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். ஆக்ஸ்போர்டில் பல்கலைக்கழகங்களின் மாநாடு. கடல் ஏன் நீலம் என்ற கேள்வி வந்தது இந்தப் பயணத்தில்தான், அதை எல்லாரும் சொல்வோம். ஆனால் அதே பயணத்தில் லண்டன் செயின்ட் பால் பேராலயத்துக்குப் போய் 257 படி ஏறி, கோபுரத்தின் உள்பக்கம் சுற்றி ஓடுகிற வட்ட மாடத்தில் நின்றார் என்பதை யாரும் சொல்வதில்லை. அங்கே சுவரோரம் ஒருவர் கிசுகிசுத்தால் எதிர்ப்பக்கச் சுவரோரம் இருப்பவருக்குக் கேட்கும். நம்ம பாடப்புத்தகத்தில் மெதுவாகப் பேசும் கூடம் என்று ஒரு பெட்டிச் செய்தியாக வருமே, அதுதான்.

இது ஏன் என்று அவருக்கு முன்பே இரண்டு பேர் யோசித்திருக்கிறார்கள். ஏரி என்ற வானியலாளர், மேலே உள்ள கூரை சத்தத்தைக் குவித்து எதிர்ப்பக்கத்துக்கு அனுப்புகிறது என்று நினைத்தார். ராலே பிரபு அதை ஒப்பவில்லை. குவிகிறது என்றால் நேர் எதிரே ஒரே இடத்தில்தானே கேட்க வேண்டும்? ஆனால் மாடத்தில் எங்கே நின்றாலும், சுவரோரமாக இருந்தால் கேட்கிறது. ஆகவே சத்தம் வளைந்த சுவரை ஒட்டியே சின்னச் சின்னத் தாவலாகத் தாவிச் சுற்றிப் போகிறது என்றார் ராலே. கிணற்றுச் சுவரில் பைக் ஓட்டுகிறவர் சுவரை விட்டு விழாமல் சுற்றுவது மாதிரி.

ராமனும் சதர்லாந்து என்பவரும் அங்கே போய்ச் செய்தது அடுத்த கட்டம். சுவரை விட்டு உள்பக்கமாக நகர நகர, சத்தம் எப்படிக் குறைகிறது என்று பார்த்தார்கள். சீராகக் குறையவில்லை! கொஞ்சம் குறைந்து, மறுபடி கூடி, மறுபடி குறைந்து, ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போனது. சத்தம் பந்து மாதிரி மட்டும் தாவினால் இப்படி வராது. அது அலை. அலைகள் ஒன்றோடொன்று சேர்கிற இடத்தில் கூடும், அடித்துக்கொள்கிற இடத்தில் குறையும். நேச்சர் பத்திரிகையில் அதே வருஷம் எழுதினார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் விடவில்லை. பீஜப்பூர் கோல் கும்பஸ், பாட்னாவின் பழைய தானியக் களஞ்சியம் கோல்கர், கல்கத்தாவில் அப்போதுதான் கட்டி முடித்த விக்டோரியா நினைவு மண்டபம் என்று இந்தியக் கட்டடங்களை எடுத்துக்கொண்டார். கோல் கும்பஸ் என்பது முகமது அடில் ஷாவின் சமாதி, பதினேழாம் நூற்றாண்டு. கூரையின் உள்விட்டம் சுமார் 38 மீட்டர். நான் ஒரு கணக்குப் போட்டேன்: கிசுகிசுப்பு நேர்கோட்டில் வந்தால் 38 மீட்டருக்கு 0.11 வினாடி. சுவரை ஒட்டி அரைவட்டம் சுற்றி வந்தால் சுமார் 60 மீட்டர், 0.18 வினாடி. நேராக வருவது வழியிலேயே எல்லாப் பக்கமும் பரவித் தேய்ந்துவிடும். சுற்றி வருவதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டே வருவதால் தேயாமல் வந்து சேர்கிறது. நீளமான வழியில் வருகிற சத்தம் நன்றாகக் கேட்கிறது!

இதெல்லாம் நமக்கு எதுக்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நான் படித்த ஒரு பள்ளியில் (இந்தப் பள்ளி இல்லீங்க) ஒரு பெரிய ஹால் இருந்தது. சிமெண்ட் தரை, சுண்ணாம்புச் சுவர், கான்கிரீட் கூரை. நாடக ஒத்திகையில் மேடையில் பேசுகிற வசனம் பின்வரிசைக்கு வெறும் கூச்சலாகத்தான் போகும். என் வகுப்பில் காது கேட்கும் கருவி வைத்திருந்த ஒரு தோழி இருந்தாள். வகுப்பறையில் எங்களோடு நன்றாகப் பேசுவாள். அந்த ஹாலுக்குள் போனால் கருவியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிடுவாள். கருவி எல்லாச் சத்தத்தையும்தான் பெரிதாக்கும். வசனத்தோடு சுவரில் பட்டுத் திரும்புகிற பழைய வசனத்தையும் சேர்த்துப் பெரிதாக்கும். ஆசிரியர்கள் மைக் சத்தத்தைக் கூட்டினார்கள். அவளுக்கு இன்னும் மோசமானது. விழா நாளில் கூட்டம் நிரம்பியதும், அவளுக்குப் பாதியாவது புரிந்தது என்றாள். ஏன் அப்படி என்ற கேள்வி எனக்கு அப்போதிருந்தே இருந்தது.

இதற்குப் பதில் சொன்னவர் வாலஸ் சபைன். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதுசாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. 1895-ல் இளம் ஆசிரியரான சபைனிடம் அதைச் சரி செய்யச் சொன்னார்கள். ஊர் அடங்கிய பிறகு நடுராத்திரியில், பக்கத்து அரங்கத்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதி நிறுத்தி, சத்தம் மறைகிற வரை நேரம் எடுப்பார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைக்க வேண்டும். மெத்தை இல்லாதபோது ஐந்தரை வினாடிக்கு மேல் முழங்கியது. மெத்தைகளை நிறைத்ததும் ஒரு வினாடிக்குச் சற்று மேலே வந்து நின்றது. அதிலிருந்து பிறந்த சூத்திரம் எளிது: அறையின் கன அளவை 0.16-ஆல் பெருக்கி, அறையில் உள்ள பொருட்களெல்லாம் சேர்ந்து உறிஞ்சுகிற மொத்த அளவால் வகுத்தால் எதிர்முழக்க நேரம். திறந்த ஜன்னலுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 1 என்று கணக்கு, ஏனென்றால் வெளியே போன சத்தம் திரும்பாது. 1900-ல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்தக் கணக்குப்படி கட்டியது.

(ஒரு இடைச்செருகல். மாமல்லபுரம் வராக மண்டபத்தில் சுற்றிலும் கருங்கல்தான். ஆனால் முன்பக்கம் திறப்பு. சபைன் கணக்கில் அது ஒரு பெரிய ஜன்னல். அடுத்த தடவை போகும்போது உள்ளே நின்று ஒரு கைதட்டிப் பாருங்க. வௌவாலைப் பயமுறுத்த வேண்டாம்.)

நான் கம்ப்யூட்டர் லேபில் எக்செல் தாளில் ஒரு ஹாலைப் போட்டுப் பார்த்தேன். நீளம் 20, அகலம் 12, உயரம் 5 மீட்டர். கன அளவு 1200. சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 800 சதுர மீட்டர், உறிஞ்சுவது நூற்றில் மூன்று பங்குதான். திறந்த ஜன்னல் 20 சதுர மீட்டர். காலி ஹாலில் விடை 4.4 வினாடி. ஒரு மாணவருக்கு 0.4 என்று வைத்து 150 பேரை உட்கார வைத்தால் 1.8 வினாடி. 300 பேர் என்றால் 1.2. பேச்சு புரிய ஒரு வினாடி பக்கம் இருந்தால் நல்லது. ஆக, விழா நாளில் அந்தத் தோழிக்கு உதவியது நம்ம யூனிஃபார்ம்! காலி ஹாலில் மடிப்பு மடிப்பாகக் கனமான திரை 60 சதுர மீட்டர் தொங்கவிட்டால்கூட இரண்டரை வினாடிக்குக் கொஞ்சம் மேலே வந்துவிடுகிறது. எண்களை மாற்ற மாற்ற விடை உடனே மாறுவதைப் பார்க்க நன்றாக இருக்கிறது. சபைனுக்கு இது ஒவ்வொன்றும் ஒரு ராத்திரி.

தெர்மோகோல் ஒட்டினால் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். ஆகாது. காற்று உள்ளே புகுந்து வெளியே வர முடிகிற பொருள்தான் சத்தத்தை நன்றாக உறிஞ்சும். தெர்மோகோல் மூடிய மணிகள். கனத்த துணி, தென்னை நார் மெத்தை எல்லாம் பரவாயில்லை.

ஆனால் சபைன் சூத்திரத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சத்தம் அறை முழுக்க ஒரே சீராகப் பரவியிருக்கிறது என்று அது நம்புகிறது. கோல் கும்பஸில் சுவரோரம் கேட்கிற கிசுகிசுப்பு நடுவில் நிற்பவனுக்குக் கேட்காதே! சூத்திரத்துக்குக் கன அளவு தெரியும், வடிவம் தெரியாது. ராமன் போய் நின்றது எல்லாம் இந்தச் சூத்திரம் தோற்கிற இடங்கள்தான்.

இங்கேதான் கம்ப்யூட்டர் வருகிறது. 1968-ல் நார்வேயில் மூன்று பேர், ஒரு அரங்கத்தின் வடிவத்தைக் கம்ப்யூட்டரில் கொடுத்து, மேடையிலிருந்து ஆயிரக்கணக்கான ஒலிக்கதிர்களை எல்லாப் பக்கமும் அனுப்பி, ஒவ்வொன்றும் எங்கெங்கே பட்டு எப்போது எந்த இருக்கைக்கு வருகிறது என்று கணக்குப் போட வைத்தார்கள். ராலேயின் தாவுகிற சத்தம்தான், ஆனால் ஆயிரக்கணக்கில். இன்று கட்டடம் கட்டுவதற்கு முன்பே, கடைசி வரிசையில் எப்படிக் கேட்கும் என்று ஹெட்போனில் போட்டுக் கேட்கிற மென்பொருள்கள் இருக்கின்றன. பைத்தானில் இலவசமாகவே பைரூம்அகூஸ்டிக்ஸ் என்று ஒன்று கிடைக்கிறது. பெட்டி வடிவ அறை என்றால் பத்துப் பதினைந்து வரி எழுதினால் போதும், பன்னிரண்டாம் வகுப்புக் கணினி மாணவர்கள் செய்துவிடலாம். என் 20 மீட்டர் ஹாலில் பின்சுவர் போய்த் திரும்ப 40 மீட்டர், 0.12 வினாடி. 0.1-க்கு மேல் போனால் காது அதைத் தனி எதிரொலியாகப் பிரித்துக் கேட்கும் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தோமே, அந்த எல்லையை இது தாண்டுகிறது. ஆகவே 60 சதுர மீட்டர் திரை மட்டும் இருந்தால் அதைப் பக்கச் சுவரில் பிரித்துப் போடாமல், முதலில் மேடைக்கு எதிரே உள்ள பின்சுவரில் போட வேண்டும். சபைன் சூத்திரம் இதைச் சொல்லாது. வடிவம் தெரிந்த கணக்குதான் சொல்லும்.

கதிர்க் கணக்கும் முழுசாகப் போதாது. கனமான தாழ்ந்த சத்தத்தின் அலைநீளம் மீட்டர் கணக்கில் இருப்பதால், அங்கே சத்தம் ஏறி இறங்குவதைக் கதிரால் சொல்ல முடியாது. செயின்ட் பால் மாடத்தில் ராமன் கேட்ட அதே ஏற்ற இறக்கம். அதற்கு அலைச் சமன்பாட்டையே கம்ப்யூட்டர் படிப்படியாகத் தீர்க்க வேண்டும். நேரமும் நினைவகமும் நிறைய ஆகும்.

1922-க்குப் பிறகு ராமன் பெரும்பாலும் ஒளியோடுதான். 1928-ல் ராமன் விளைவு, 1930-ல் நோபல் பரிசு. (நம்ம ஊர் அணு ஆராய்ச்சி மையத்திலும் ராமன் நிறமாலை வைத்துப் பொருட்களைச் சோதிக்கிறார்கள்.) 1933-ல் பெங்களூர் போனார். ஆனால் சத்தம் அவரை விடவில்லை, அவரும் அதை விடவில்லை. 1927-ல் ஜெர்மானியர்கள் வெளியிட்ட மாபெரும் இயற்பியல் கையேட்டில் இசைக் கருவிகள் பகுதியை எழுதியவர் ராமன்தான். 1930-களின் நடுவில் நாகேந்திர நாத்தோடு சேர்ந்து, கேளா ஒலி அலைகளின் மேல் ஒளி பட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார்.

ஒவ்வொரு வருஷமும் அக்டோபர் 2-ஆம் தேதி தன் ஆராய்ச்சி நிலையத்தில் காந்தி நினைவுச் சொற்பொழிவு நிகழ்த்துவார். 1970-ல் அவருக்கு 81 வயது முடிந்து 82 நடக்கிறது. அந்த வருஷம் எடுத்துக்கொண்ட தலைப்பு, காது எப்படிக் கேட்கிறது என்பது. அதுவே கடைசிச் சொற்பொழிவாகிவிட்டது. நவம்பர் 21-ஆம் தேதி காலமானார். அவர் விருப்பப்படி நிலையத் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள். நினைவுச் சின்னம் எதுவும் கட்டவில்லை. அந்த இடத்தில் ஒரு மரம் நிற்கிறது.

எக்செல் தாள் லேபில் மூன்றாவது கம்ப்யூட்டரில் இருக்கிறது. உங்கள் வகுப்பறையின் நீள அகலத்தை அளந்துகொண்டு வந்தால் போட்டுப் பார்க்கலாம். ஜன்னல் எத்தனை, எத்தனை திறந்திருக்கும் என்றும் எண்ணிக்கொண்டு வாங்க.

– பதினொன்றாம் வகுப்பு, ஆ பிரிவு